ஓரெழுத்துப் பிழை

முப்பது வருடமாக அடுத்தவர் பிழையில் பிழைப்பவன் நான். புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கல்லூரி மலர், கட்சி மாநாட்டு மலர் என்று மதுரையில் அச்சுக்குப் போகும் பலதும் மெய்ப்பாக என் மேஜையைத் தொட்டுவிட்டுத்தான் போகும். ஒரு ‘க்’ விட்டுப்போனால் கண்ணில் முள் குத்தும். ‘அவற்றை’ இருக்கவேண்டிய இடத்தில் ‘அவைகளை’ உட்கார்ந்திருந்தால் அன்று மத்தியானச் சோறு இறங்காது. தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கீழே வரும் சங்கதிகளைப் படிக்கும்போது ‘இந்த ஆளா?’ என்று நீங்கள் கேட்க வசதியாக இருக்கட்டுமே என்றுதான்.

என் கம்ப்யூட்டர் 2014இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்றார்கள். பதினொன்றுக்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நம் பெட்டி நான்கு தலைமுறை மூத்தது. கடைக்காரர் புதுப்பெட்டிக்கு ஒரு விலை சொன்னார். நான் பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று மெய்ப்பு பார்க்கிறவன். அந்த விலையைப் பக்கக் கணக்கில் மாற்றிப் பார்த்தேன், கம்பராமாயணத்தை உரையோடு இரண்டு முறை முடிக்க வேண்டியிருந்தது.

“மாமா, லினக்ஸ் மின்ட் போட்டுருங்க. எக்ஸ்எஃப்சிஇ எடிஷன். அந்தப் பெட்டி இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்” என்றான் பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை மகன்.

லினக்ஸ் எனக்குப் புதுசில்லை என்று அவனிடம் ஜம்பமாகச் சொன்னேன். பொய்யும் இல்லை. உபுண்டு குறுந்தகடுகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் அனுப்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு, 2011இல் நிறுத்திவிட்டார்கள். நானும் அப்போது கேட்டு வாங்கினேன். அழகான அட்டை உறை. அந்தத் தகடு ஒரு தடவைகூடக் கம்ப்யூட்டருக்குள் போகவில்லை; மாடியில் வடகம் காயும்போது காக்கா விரட்டக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். வெயிலில் நன்றாகவே மினுக்கியது. லினக்ஸோடு எனக்கிருந்த முன் அனுபவம் மொத்தமும் அவ்வளவுதான்.

பென் டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்து பெட்டியைக் கிளப்புவதற்கே ஒரு சாயங்காலம் ஆனது. ஆன் செய்ததும் ஒரு விசையைத் தட்ட வேண்டும். நான் தட்டுவதற்குள் விண்டோஸ் வந்து வணக்கம் சொல்லிவிடும். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ திரை மாறியது. மின்ட்டின் சின்னம், சுத்தமான மேஜை, கீழே ஒரு பட்டை. இவ்வளவுதானா லினக்ஸ்? வைஃபை பிடித்தது. தமிழ்99 விசைப்பலகையைத் தங்கை மகன் போனிலேயே சொல்லிக்கொடுத்துப் போட வைத்தான். லிப்ரே ஆபீஸ் கையோடு வந்திருந்தது. உடனே வேலையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பேராசிரியரின் பயண நூல். இரண்டு நாளில் 46 பக்கம் திருத்தி, அடிக்குறிப்பெல்லாம் சீராக்கி, பத்திரமாகச் சேமித்தும் வைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது. அது இப்போது மேஜைக்கடியில் கால் வைத்துக்கொள்ளத்தான். கரண்ட் வந்ததும் பெட்டியைப் போட்டேன். அதே சின்னம், அதே சுத்தமான மேஜை. ரொம்பச் சுத்தம். தமிழ்99 இல்லை. வைஃபை கடவுச்சொல் கேட்டது. பேராசிரியர் இல்லை.

“மாமா, நீங்க இன்ஸ்டால் பண்ணவே இல்லையே?”

“பின்ன ரெண்டு நாளா நான் எதுல உக்காந்து வேலை பாத்தேன்?”

“பென் டிரைவ்ல. அது சும்மா ஓட்டிப் பாக்கறதுக்கு மாமா. எழுதுறதெல்லாம் ரேம்ல இருக்கும், ஆஃப் பண்ணா போயிரும். சித்திரைத் திருவிழாவுக்குப் போட்ட பந்தல்ல நீங்க பால் காய்ச்சிக் குடித்தனம் வச்சிட்டீங்க.”

இதில் வெட்கக்கேடு எதுவென்றால், ‘லினக்ஸ் மின்ட்டை நிறுவு’ என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு படம் அந்த மேஜையிலேயே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். ஏதோ விளம்பரம் என்று நினைத்து, கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்று ஓரத்துக்கு இழுத்தும் விட்டேன்.

பேராசிரியரிடம் “சில இடங்களை மறுபடி பார்க்கணும்னு தோணிச்சு” என்றேன். அவர் நெகிழ்ந்துபோய் முன்னுரையில் எனக்கு ஒரு வரி கூட்டினார்.

ஆனால் சரியாக நிறுவிய பிறகுதான் என் திறமை முழுதாக வெளிப்பட்டது. பக்கம் கட்டும் பேஜ்மேக்கருக்காக விண்டோஸையும் ஒரு பக்கம் வைத்திருந்தேன். தமிழ் அச்சகத்தோடு உறவு வைத்திருப்பவனால் பேஜ்மேக்கரை அவ்வளவு சுலபமாகக் கைகழுவ முடியாது. லினக்ஸில் காலை பத்து மணி சரியாகக் காட்டும். மாற்றி விண்டோஸுக்குப் போனால் விடிகாலை நாலரை. திருத்தி வைப்பேன். லினக்ஸுக்குப் போய் வந்தால் மறுபடி பின்னால் ஓடியிருக்கும். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032; அதுதான் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிப் போட்டேன். நேரம் பின்னால் போனது. கடையில் போலியைக் கொடுத்துவிட்டார்கள் என்று வேறு கடையில் இன்னொன்று வாங்கினேன். இரண்டாவது கடைக்காரரிடம் முதல் கடைக்காரரைப் பற்றிக் கொஞ்சம் பேசியும் விட்டேன், அந்தப் பாவம் தனி.

ஒவ்வொரு தடவையும் தவறியது சரியாக ஐந்தரை மணி நேரம். தீர்ந்த பேட்டரி இவ்வளவு ஒழுங்காகவா தவறும்? ஒரு மெய்ப்பில் ஒரே பிழை பத்து இடத்தில் ஒரே மாதிரி வந்தால், அது கைப்பிழை இல்லை, அச்சுக்கோத்தவர் அப்படித்தான் நம்புகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த அறிவு கடிகாரத்துக்கு மட்டும் உதவவில்லை. விஷயம் இவ்வளவுதான்: பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைப்பது லினக்ஸின் வழக்கம். அதில் இருப்பதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்வது விண்டோஸின் வழக்கம். இரண்டும் தங்கள் கணக்கில் சரி. நமக்கும் பொது நேரத்துக்கும் இடையில் இருப்பதுதான் அந்த ஐந்தரை மணி. நீயும் உள்ளூர் நேரமே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்குச் சொல்ல ஒரே வரிக் கட்டளை போதும். இரண்டு பேட்டரியும் மேஜை டிராயரில் இருக்கின்றன. நல்ல பேட்டரிகள்.

வெளியிலிருந்து வந்த ஒரு கோப்பைத் திறந்த நாளை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஓர் எழுத்தாளர் தன் சிறுகதைத் தொகுப்பை அனுப்பியிருந்தார். திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே பிதற்றல். ஃபைல் கெட்டுப்போச்சு, மறுபடி அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார். அதுவும் அப்படியே. மூன்றாவது தடவை, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று சொல்லி ஆள் வரவழைத்துப் பார்க்கவும் வைத்தேன். அவர் பாவம், பார்த்துச் சுத்தம் செய்து அனுப்பினார்.

நான்காவது முறை திறந்தபோது, தலைப்புப் பக்கத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருடம் பாமினி எழுத்துருவில் வேலை செய்தவன் நான். ஜே அடித்தால் ‘த’, கே அடித்தால் ‘ம’, பி மேல்விலங்கு போடும், ஓ என்றால் ‘ழ’, அரைப்புள்ளி புள்ளி வைக்கும். தமிழ்! யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துக்கு மாட்டிய தமிழ் முகமூடிகள்தானே. விண்டோஸில் முகமூடி இருந்தது, புது வீட்டுக்கு நான் அதை எடுத்து வரவில்லை. எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டதும் கதைகள் கண்விழித்தன. அந்த எழுத்தாளரிடம் “இப்ப சரியா இருக்கு சார், வைரஸ் போயிடுச்சு” என்று சொன்னது நான்தான். இந்தப் பத்தி அவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

பிரிண்டர் கதையை விட்டுவிடுகிறேன். அதில் தவறு யார் மேல் என்று இன்னும் முடிவாகவில்லை. பிரிண்டருக்கு ஆதரவாக வீட்டில் ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது.

மூன்று மாதம் போனதும் எனக்குள் ஒரு பிரசங்கி முளைத்தான். மதம் மாறியவன் மாதிரி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் லினக்ஸ் பேச ஆரம்பித்தேன். சும்மா பொழுதுபோக்குக்கு, பெரிதாக ஒன்றும் இருக்காது என்ற தொனியில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் இதை அறிவித்தபோது அவருக்கு வயது 21 என்பதை மட்டும் அந்த மாதத்தில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். திண்டுக்கல்லிலிருந்து வந்த மைத்துனர் மட்டும்தான் கடைசிவரை கேட்டார்.

“அப்ப என் கம்ப்யூட்டருக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க அத்தான்.”

அன்றைக்கு அவர் வந்தது வேறு வேலையாக. மகள் கல்யாணத்தில் சொந்தபந்தம் எல்லாம் போனில் எடுத்த படங்களைச் சேகரித்து, தன் அக்காளுக்குக் காட்ட ஒரு 32 ஜிபி பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். அது பெட்டியில் செருகியிருந்தது. அவருக்கு மின்ட் ஏற்றிக் கொடுக்க என்னுடைய 16 ஜிபியைப் பக்கத்தில் செருகினேன்.

மின்ட்டில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. எந்த பென் டிரைவ் என்று பெயரோடு காட்டி, கேட்டுத்தான் எழுதும். ஆனால் மைத்துனர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்தேன். யுனிக்ஸ் காலத்திலிருந்து ‘டிடி’ என்று ஒரு கட்டளை இருக்கிறது: எதை எடுக்க வேண்டும், எதன் மேல் எழுத வேண்டும் என்று இரண்டே விவரம் கேட்கும். டிஸ்க்கை நாசம் பண்ணுகிறவன் என்று அந்த இரண்டு எழுத்துக்கு விளக்கம் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் அதை மைத்துனரிடம் சொன்னேன். சேர்ந்து சிரித்தோம். எழுத வேண்டியது என் பென் டிரைவின் பெயரான ‘எஸ்டிசி’. நான் எழுதியது ‘எஸ்டிபி’.

நிச்சயமா என்று அது கேட்கவில்லை. ஆறு நிமிடம் விளக்கு மினுக்கியது. முடிந்ததும் இத்தனை பைட், இத்தனை விநாடி என்று பணிவாகக் கணக்குக் கொடுத்தது. “பாத்தீங்களா, வேலை முடிஞ்சது” என்று திரும்பினேன். உள்ளேயிருந்து மனைவி வந்து, “ஏங்க, கல்யாண போட்டோ போடுங்க” என்றாள்.

அடுத்த ஒரு மணி நேரத்தை எழுதப்போவதில்லை.

தங்கை மகன் ‘போட்டோரெக்’ என்ற ஒன்றைச் சொன்னான். கோப்புப் பட்டியல் அழிந்துபோனாலும், உள்ளே கிடக்கும் தரவின் வடிவத்தை வைத்தே இது படம், இது பிடிஎஃப் என்று தோண்டி எடுத்துவிடும். பெயர் மட்டும் போய்விடும். எல்லாவற்றுக்கும் ஓர் எழுத்தும் நீளமான எண்ணும்தான். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் வந்திருந்தது. மின்ட் போய் உட்கார்ந்த முதல் மூன்று ஜிபி மட்டும் மீளவில்லை. அதில் பந்தக்கால், நிச்சயம், மாப்பிள்ளை அழைப்பு. ஆகவே எங்கள் வீட்டுப் பதிவுப்படி மாப்பிள்ளை எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. எடுத்த எடுப்பில் முதல் பந்தி.

அந்தக் கருவிக்கு இன்னொரு குணம் இருந்தது. அழித்தவையும் அழியாதவையும் அதற்கு ஒன்றுதான். மைத்துனர் எப்போதோ அழித்த கோப்புகளும் எழுந்து வந்திருந்தன. நாலு ஜாதகம், பிடிஎஃப்பாக. என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். வந்த மாப்பிள்ளையின் ஜாதகம் அதில் இல்லை. வேண்டாம் என்று விட்ட நாலு பேர். மூன்றாவதைப் பார்த்ததும், “இது நம்ம சொந்தத்துலயே…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பெண்ணே கிடைக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அவள் ஒன்றுவிட்ட தங்கையின் மகன். கேட்டு வந்திருக்கிறார்கள், வேண்டாம் என்றிருக்கிறார்கள், வீட்டுக்கு மூத்த அக்காவுக்கு ஒரு வார்த்தை இல்லை.

அன்று ராத்திரி மைத்துனர் போன் பண்ணினார். படங்கள் வந்ததில் சந்தோஷம் என்றார். கொஞ்சம் இருமினார்.

“அத்தான், அந்த ஜாதகத்தையெல்லாம் மட்டும் அழிச்சிருங்க. திரும்பி வராத மாதிரி.”

படங்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்தினேன். பென் டிரைவின் மேல் முழுக்கச் சைபர் எழுதவும் அதே ‘டிடி’ போதும். இந்தத் தடவை அந்த ஒரு பென் டிரைவ்தான் செருகியிருந்தது. ஆனாலும் கட்டளையை அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். மெய்ப்பில் சந்தேகம் வந்தால் வரியைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிப்போம். பொருள் புரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். அப்படிப் படித்தேன். பி, டி, எஸ். சரிதான். பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

“அந்த மூணாவதை மட்டும் எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துட்டு அழிங்க” என்றாள்.