நூறு டாலர் எம்.எல்.ஏ.

எங்கள் எம்.எல்.ஏ. பெயர் எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் பெரிதாக வெட்கப்பட வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் ஏறத்தாழ 4 கோடி ஜனங்களுக்குக் கீழவை உறுப்பினர்கள் 80 பேர்தான். ஆளுக்கு ஐந்து லட்சம் தலை. ஆனால் நான் குடியிருப்பது நியூ ஹாம்ப்ஷயரில். மொத்த மக்கள்தொகையே சுமார் 14 லட்சம். கீழவையில் 400 பேர். நாஷுவா நகரில் எங்கள் வார்டுக்கு மட்டும் மூன்று பேர். மூன்றில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. கலிபோர்னியாவில் இருக்கும் மச்சினனோ, தன் தொகுதிக்காரர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சொல்கிறான்.

இத்தனைக்கும் நான் ஓட்டுப் போட்டவன். வாக்குச்சீட்டில் மூவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றிருந்தது. வாய்க்குச் சுலபமாக வரும் பெயர்களாகப் பார்த்து வட்டத்தை நிரப்பிவிட்டு வந்தேன். அப்படித் தேர்ந்தெடுத்த பெயர்களும் மறந்துபோனதுதான் விசேஷம்.

இந்த உறுப்பினர்களுக்கு இரண்டாண்டுப் பதவிக்காலத்துக்குச் சம்பளம் 200 டாலர். அதாவது வருஷத்துக்கு நூறு. 1889-ல் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். இன்றுவரை ஒரு சென்ட் ஏறவில்லை. கார் ஓட்டி வருவதற்கு மைல் கணக்கில் படி உண்டு, அவ்வளவுதான். ஆகவே உறுப்பினராக வருகிறவர்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் அதிகம். கடை வைத்திருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டு நிர்வாகம் பார்ப்பவர்கள் என்று மற்றவர்களும் உண்டு. யாருக்கும் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது.

இது தெரியாமல் ஒரு பனிக்காலத்தில் ஹார்ட்வேர் கடை வரிசையில், முன்னால் உப்பு மூட்டையோடு நின்ற பெரியவரிடம் வீட்டு வரி பற்றிப் பொரிந்து தள்ளினேன். இங்கே சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, பொது விற்பனை வரியும் கிடையாது. அதனால் பெரும் பாரம் வீட்டு வரியின் தலையில் விழுகிறது. தலைநகர் கான்கார்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நம் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது, ஒருவராவது நம் முகத்தைப் பார்த்திருப்பார்களா என்றெல்லாம் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பதாகவும், வியாழக்கிழமை அவை கூடும்போது நான் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். மூட்டையைக் காரில் ஏற்ற நான் உதவவும் இல்லை. அவர்தான் என் மூட்டைக்குக் கை கொடுத்தார்.

மாடத்துக்குப் போனேன். கருங்கல் மாளிகை, உச்சியில் பொன்னிறக் கழுகு. 1819-ல் கட்டி முடித்த அதே மண்டபங்களில்தான் இன்னமும் இரு அவைகளும் கூடுகின்றன. சினிமாத் தியேட்டர் போல வரிசை வரிசையாக நாற்காலிகள். தியேட்டரில் செய்வதையே அங்கேயும் செய்தேன். இடைவேளைக்கு முன்பே கண் சொக்கிவிட்டது. வாசலில் இருக்கும் சிலைகளைப் பிற்பாடு ஊரிலிருந்து வந்த அத்தை மகனுக்கு விளக்கியபோது பிராங்க்ளின் பியர்ஸை டேனியல் வெப்ஸ்டர் ஆக்கிவிட்டேன். பியர்ஸ் 26 வயதில் இந்த அவையின் சபாநாயகர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. நான் பெயரை மாற்றியதற்குக் கோபித்துக்கொள்ளக்கூடிய நிலையில் அவர் இல்லை.

எட்ட முடியாத அரசாங்கத்தைத் திட்டுவதில் ஒரு சொகுசு உண்டு. இந்த ஊர் அதைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. பல மாநிலங்களில் குழுத் தலைவருக்குப் பிடிக்காத மசோதா அலமாரியிலேயே செத்துப்போகும். இங்கே வருகிற ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு, அவையில் வாக்கெடுப்பும் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து போய்ப் பேசலாம். நான்காம் வகுப்புப் பிள்ளைகளே வந்திருக்கிறார்கள். ஹாம்ப்டன் பால்ஸ் பள்ளிப் பிள்ளைகள் செவ்வால் பருந்தை மாநிலத்தின் வேட்டைப் பறவையாக அறிவிக்கக் கோரி மசோதா தயாரித்து, 2015-ல் மாடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கீழே பெரியவர்கள் அவர்கள் காதுபடவே கேலி பேசித் தோற்கடித்தார்கள். ஒருவர் அந்தப் பருந்தைக் கருக்கலைப்பு விவகாரம் வரைக்கும் இழுத்தார். நாடே சிரித்தது. 2019-ல் அதே பருந்து சட்டமாகிப் பறந்தது. நூறு டாலருக்கு இவ்வளவுதான் பக்குவம் கிடைக்கும் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் என் பக்குவம் அதற்கும் கீழே என்பதற்குச் சாட்சியம் பதிவாகியிருக்கிறது.

வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவதை நிறுத்திவிடலாம் என்று இங்கே அவ்வப்போது ஒரு மசோதா வரும். எனக்கு மனப்பூர்வமான ஆதரவு. ஒவ்வொரு நவம்பரிலும் கணக்குப் பிசகி, மதுரையில் தூங்கிவிட்ட அம்மாவைப் போனில் எழுப்பிவிடுகிறவன் நான். இதை உருக்கமாக எழுதி எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போனேன். பேச விரும்புகிறவர்கள் ஒரு இளஞ்சிவப்பு அட்டையைப் பூர்த்தி செய்ய வேண்டும். பதற்றத்தில் 'எதிர்ப்பு' என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன். தலைவர் என் பெயரைச் சிரமப்பட்டு வாசித்து, மசோதாவை எதிர்த்துப் பேச வந்திருக்கிறார் என்று அறிவித்தார். தவறு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எதிர்த்தே பேசினேன். பக்கத்து மாஸசூசெட்ஸ் மாறாமல் நாம் மட்டும் மாறினால், தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகும் நாஷுவாக்காரர்களுக்கு வீட்டில் ஒரு மணி, ஆபீசில் ஒரு மணியா என்று கேட்டேன். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பெடுத்தார். என் வாழ்நாளில் நான் வைத்த உருப்படியான வாதம் அது ஒன்றுதான். விசாரணைகள் யூடியூபில் நேரலையாக வருவதால் அம்மாவும் பார்த்தாள். "ஏண்டா, வேணும்னு சொல்லத்தானே போனே?" என்றாள். கடிகாரம் இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் என் பங்கு எவ்வளவு என்று நான் விசாரிக்கவில்லை.

கேலி செய்ய முடியாத ஒன்றும் உண்டு. 2020 டிசம்பரில் சபாநாயகராகத் தேர்வான டிக் ஹின்ச் ஒரே வாரத்தில் கோவிட்டால் இறந்துபோனார். அடுத்த ஜனவரியில் டர்ஹமில், பல்கலைக்கழக கார் நிறுத்துமிடத்தில் அவை கூடியது. உறுப்பினர்கள் குளிரில் அவரவர் காருக்குள் அமர்ந்து சபை நடத்தினார்கள். அதே நாட்களில் நான் கேமராவை அணைத்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்தபடி ஆபீஸ் மீட்டிங்குகளில் 'இருந்தேன்'.

சென்ற தேர்தலுக்கு முன் உப்பு மூட்டைப் பெரியவரை மறுபடி பார்த்தேன். அவருக்கு வயதாகிவிட்டது, இனி நிற்கப்போவதில்லையாம். நீங்கள் நிற்கலாமே, அன்று கடையில் நன்றாகத்தானே பேசினீர்கள் என்றார். மனு தாக்கல் கட்டணம் 2 டாலர். வீட்டில் சொன்னேன்.

"ரெண்டு டாலர்தானே, நான் தரேன்" என்றாள் மனைவி.

"அதுக்கில்ல. வேலை நாள்ல பகல் பூரா அங்க போய் உக்காரணும். மீட்டிங் எல்லாம் இருக்கு."

"அந்த மீட்டிங்ல நீங்க பேசி நான் கேட்டதே இல்லையே?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனு தாக்கலுக்கு ஜூன் மாதத்தில் கொஞ்ச நாள்தான் அவகாசம் என்பதை ஜூலையில் யோசித்தேன்.