கறுப்பு பாதி, வெள்ளை பாதி

அருவ ஓவியம், அதாவது எந்தப் பொருளையும் சுட்டாமல் வடிவங்களின் இசைவை மட்டுமே நம்பும் ஓவியம், வகுப்பில் கற்பிக்கப்படும்போது, கறுப்புத் தாளை வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டுவது வழக்கமான பயிற்சி. 1915-இல் ஓவியர் மலேவிச் ஒரு கறுப்புச் சதுரத்தைக் காட்சிக்கு வைத்துப் பேர்பெற்றார். கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் இருட்டுக்கோ எவரும் சட்டமிடவில்லை. தங்கம் பிரித்தபின் எஞ்சிய கழிவுமண், சைனைடு மேடுகள் என்ற பெயரில் வெளிறிய குன்றுகளாகக் குவிந்து, வெள்ளைப் பங்கைப் பார்த்துக்கொண்டது. ஓவிய ஆசிரியர்கள் வலியுறுத்தும் 'வெற்றிடம்', அதாவது உருவங்களுக்கிடையே வேண்டுமென்றே விடப்படும் இடைவெளி, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது ஊர் முழுமைக்கும் செலவின்றிக் கிடைத்தது. காற்றடிக்கும் நாளில் மேட்டுத்தூசி, கொடியில் காயும் கறுப்புப் பாவாடையிலும் கேளாமலே பயிற்சியைத் தொடர்கிறது.