மஞ்சள் மாதத்து மாப்பிள்ளை

அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக், கம்மிங் என்று நம் ஊர்க்காரர்கள் நிறைந்த புறநகர்கள் இருக்கின்றன. அங்கே வசிக்கும் நம்மவர் வருஷத்தில் பதினொரு மாதம் தங்கமான மனிதர். தமிழ்ச் சங்க விழாவில் சாம்பார் வாளி தூக்குவார். கேட்டால் கடன் கொடுப்பார். கேட்காமலே ஆலோசனை கொடுப்பார். மார்ச் பாதி தாண்டியதும் ஆளே மாறிவிடுவார். விடிந்ததும் காப்பியைக்கூடத் தேடாமல் ஜன்னல் திரையை விலக்கி, வாசலில் நிற்கும் காரின் பானெட்டைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு அவர் விடும் பெருமூச்சில் மாடியில் தூங்கும் பிள்ளைகள் எழுந்துவிடும்.

எல்லாம் மகரந்தம் செய்கிற வேலை. ஜார்ஜியாவில் பைன் மரத்துக்குப் பஞ்சமே கிடையாது. தேனீயையும் வண்டையும் நம்பாமல் காற்றை மட்டும் நம்பிப் பிழைக்கிற மரம் அது. காற்று எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று தெரியாததால், கணக்கு வழக்கில்லாமல் தூவி வைக்கும். ஒவ்வொரு துகளுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காற்றுப் பைகள் வேறு உண்டு. மைல் கணக்கில் மிதந்து வரும். மார்ச் கடைசியில் சாலை, கூரை, தபால் பெட்டி, பக்கத்து வீட்டு நாய் என்று ஊருக்கே மஞ்சள் நீராட்டு நடந்ததுபோல் இருக்கும். 2012 மார்ச்சில் ஒரு கனமீட்டர் காற்றில் 9,369 துகள் என்று எண்ணிச் சொன்னார்கள். இதற்கு மேல் போகாது என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. 2025 மார்ச் 29 அன்று எண்ணிக்கை 14,801. தினமும் அலுவலகக் கூட்டத்தில் நம்மவர் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். ப்ராஜெக்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பது அதற்குப் பிறகு.

இத்தனையும் தெரிந்தவர் வாங்கியது கறுப்புக் கார். "வெள்ளை வாங்குங்க, தூசி தெரியாது" என்று மனைவி அன்றே சொன்னாள். கறுப்பில்தான் மினுமினுப்பு தெரியும் என்றார். இப்போது மினுமினுப்பைத் தவிர மற்றதெல்லாம் தெரிகிறது.

சரி, கராஜில் நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். இரண்டு கார் தாராளமாக நிற்கக்கூடிய கராஜ் அவருக்கு இருக்கிறது. அதில் கொலுப்படி நிற்கிறது. காஸ்ட்கோவில் வாங்கிய டிஷ்யூ பேப்பர் மூட்டை, சோனா மசூரி அரிசிப் பைகள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வேண்டும் என்று வைத்திருக்கும் சூட்கேஸ்கள், புத்தாண்டுத் தீர்மானத்தில் வாங்கிப் பொங்கலோடு நின்றுபோன டிரெட்மில் எல்லாம் நிற்கின்றன. ஐம்பதாயிரம் டாலர் கார் வெட்டவெளியில் மஞ்சள் குளிக்கிறது. அரிசி நிழலில் பத்திரமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை நம்மவர் கார் கழுவும் நேரம். தானியங்கிக் கார் வாஷ் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டார். அங்கே சுழலும் பிரஷ்ஷில் ஊரான் வீட்டு மண்ணெல்லாம் இருக்கும் என்பது அவர் கட்சி. அதனால் எல்லாம் கையாலேயே. முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சுவார். அப்புறம் நுரைத் துப்பாக்கி. அப்புறம் இரண்டு வாளிகள்: ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் துணியை அலசுகிற தண்ணீர். இரண்டின் அடியிலும் மண் தங்குவதற்குச் சல்லடைத் தட்டு. துண்டுகள் எல்லாம் மைக்ரோஃபைபர். கண்ணாடிக்கு நீலம், மேல்பாகத்துக்குச் சாம்பல், சக்கரத்துக்குக் கறுப்பு. சாம்பல் நிறத் துண்டு தவறித் தரையில் விழுந்தால் அதோடு அதற்குப் பதவியிறக்கம். இனி டயர்தான் துடைக்கும். ஒருநாள் அந்தத் துண்டுகளில் ஒன்று அடுப்பு மேடைக்குப் போய்விட்டது. வீட்டில் விசாரணைக் கமிஷன் வைக்காத குறை.

போன வசந்தத்தில் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். மன்னார்குடி பக்கம் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாலை எழுந்து பழகிய உடம்பு, அட்லாண்டாவில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. நம்மவர் மாடியிலிருந்து இறங்கும்போது கார் பளிச்சென்று நின்றது.

"ராத்திரி எவனோ வண்டி மேல மஞ்சப்பொடியக் கொட்டிட்டுப் போயிருக்கான் மாப்ள. நானே தொடச்சி வச்சிட்டேன்."

"எதால தொடச்சீங்க மாமா?"

"பழைய வேட்டிதான். நல்ல காட்டன், மெத்துன்னு இருக்கும்."

"தண்ணி விட்டீங்களா?"

"தண்ணி எதுக்கு? உலர்ந்த தூசிதானே, ரெண்டு இழுப்புல போயிடுச்சு."

நம்மவர் வாயைத் திறந்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி அவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார். மாமனார் விடவில்லை. "எங்க மேனேஜர் அம்பாசடர அந்த டிரைவர் கடைசி வரைக்கும் மஞ்சத் துணியாலதான் தட்டுனான். வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்று சான்றும் சொன்னார். அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு, நம்மவர் செல்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பானெட் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். மெல்லிய வட்ட வட்டக் கீறல்கள். ஒவ்வொன்றாக விரலை வைக்காமல் எண்ணினார்.

இந்த ஒரு விஷயத்தில் நியாயம் நம்மவர் பக்கம்தான். காரின் பளபளப்பு நிறத்தால் வருவதில்லை. நிறத்துக்கு மேல் பூசியிருக்கும் கிளியர் கோட்டால் வருகிறது. அதன் கனம் நாற்பது, ஐம்பது மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. ஒரு பைன் மகரந்தத் துகளே கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கும். அதன் ஓடோ லட்சக்கணக்கான வருஷம் மண்ணில் புதைந்தாலும் மக்காத ரகம். மண்ணும் தூசியும் சேர்ந்த அந்தப் பொடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறாமல் என்ன செய்யும்? பனியில் நனைந்து வெயிலில் காய்ந்தால் அப்பிக்கொண்டு கறையாகும் என்பதும் மெய்தான்.

அதற்கு மேல் அவர் சொல்வதில் பாதிக்கு மேல் பக்தி. ஆயிரம் டாலர் கொடுத்துச் செராமிக் பூச்சு போட்டால் மகரந்தம் ஒட்டாது என்று சாதிப்பார். விழுவது விழத்தான் செய்யும். தண்ணீர் அடித்தால் கொஞ்சம் சுலபமாகப் போகும், அவ்வளவுதான். பக்கத்து மனையில் இருக்கும் பைன் மரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். அதை வெட்டினாலும் அடுத்த கவுண்டியிலிருந்து வந்து சேரும். தினமும் தன்னைத் தும்மவைப்பதும் அந்த மரம்தான் என்று திட்டுவார். உண்மையில் பைன் துகள் பெரிசு, அதிகம் அலர்ஜி தராது. மூக்கை வாட்டுவது பெரும்பாலும் ஓக், பிர்ச் மரங்களின் கண்ணுக்குத் தெரியாத பொடி. காருக்கு மூன்று அடுக்குக் காப்பு போட்டவர், தனக்கு ஒரு செட்டிரிசின் மாத்திரை போட மறந்துவிட்டு, தும்மிக்கொண்டே மெழுகு பூசுவார். அந்த மெழுகு பிரேசில் நாட்டுக் கார்னாபா பனையின் இலையிலிருந்து வருகிறது. ஒரு மரத்திடமிருந்து தப்பிக்க இன்னொரு மரத்தின் காலில் விழுகிறார்.

ஒரு வருஷம் கார் உறை வாங்கிப் பார்த்தார். தினமும் மாட்டிக் கழற்றும்போது உறைக்கு அடியில் இருந்த பொடியே உரசியது. இன்னொரு வருஷம் சருகு ஊதும் லீஃப் ப்ளோயரை வைத்துக் காலை ஆறரை மணிக்கு ஊதினார். கார் சுத்தமானது, எதிர்வீட்டு அம்மாளின் வராந்தா நாற்காலிகள் மஞ்சளாயின. அந்த உறவு இன்னும் சீராகவில்லை.

பக்கத்து வீட்டு அமெரிக்கக் கிழவரிடம் பழைய பிக்கப் டிரக் ஒன்று இருக்கிறது. மார்ச்சில் மஞ்சளாகும், ஏப்ரலில் மழை பெய்தால் மறுபடி தன் பச்சை நிறத்துக்கு வரும். என்ன செய்கிறீர்கள் என்று நம்மவர் ஒருமுறை கேட்டார். மழை பார்த்துக்கொள்ளும் என்றார் கிழவர். நம்மவருக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. என்னைக் கேட்டால், கிழவர் முக்கால்வாசி சரி. வாரம் ஒருமுறை நிறையத் தண்ணீர் அடித்து, உலர்ந்திருக்கும்போது கை வைக்காமல் இருந்தால் போதும். மிச்சம் இருக்கும் லேசான மஞ்சள் கறைகூடப் பல சமயம் நல்ல வெயிலில் தானாகவே மங்கிவிடும்.

ஆனால் இதை அவரிடம் சொல்லாதீர்கள். சித்திரைத் திருநாளுக்குச் சங்கம் வாடகைக்கு எடுக்கும் பள்ளி அரங்கின் வாகன நிறுத்தத்தில், மரமே இல்லாத கடைசி மூலையில் காரை நிறுத்திவிட்டு, பட்டு வேட்டியும் தும்மலுமாக அரை ஃபர்லாங் நடந்து வருபவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மார்ச் கடைசியில் அட்லாண்டா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மவர் வீட்டு வாசலில் காரைப் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள் பொடியில் விரலால் பெயர் எழுதிப் பார்க்காதீர்கள். ஊரிலிருந்து முறுக்கு கொண்டுபோகலாம், பழைய வேட்டி வேண்டாம். ஏதாவது உதவி செய்தே தீர வேண்டும் என்று கை துறுதுறுத்தால், கராஜில் இருக்கும் அந்த டிரெட்மில்லைத் தூக்கி வெளியே போடுங்கள்.