சென்சாரைக் கழற்றுமுன் மீட்டரை எடுங்கள்

கேள்வி: செக் என்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0135 வந்தது. "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்பதற்குமேல் அந்த கோடு எதுவும் சொல்லவில்லை. ஃபியூஸ், ஒயர், கனெக்டர், இசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். ஒரு ஃபியூஸ் போயிருந்தாலும் இதே கோடு வரலாம்.

கேள்வி: சைலன்சர் பைப்பே கொதிக்கிறது. அதில் உட்கார்ந்திருக்கும் சென்சாருக்கு ஹீட்டர் எதற்கு?

பதில்: பைப் கொதிக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்குத்தான். உள்ளே இருக்கும் சிர்கோனியா என்ற பீங்கான் சுமார் 300 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். பாஷ் 1976-ல் கொண்டுவந்த முதல் சென்சாரில் ஹீட்டர் இல்லை, பின்னால்தான் சேர்த்தார்கள். ஹீட்டர் இல்லாவிட்டால் சென்சார் சூடாகும்வரை இசியூ குத்துமதிப்பாகவே பெட்ரோல் விடும். மைலேஜ் குறையும், புகை கூடும், நாள்பட்டால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும்.

கேள்வி: வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. முதலில் ஃபியூஸ். அது சரியென்றால், என்ஜின் நன்றாக ஆறியபின் கனெக்டரைக் கழற்றுங்கள். நாலு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இரண்டு ஒயர் இருக்கும், பெரும்பாலும் வெள்ளை. அவைதான் ஹீட்டர். சென்சார் பக்கம் அந்த இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். பல கார்களில் 5 முதல் 15 ஓம் வரை காட்டும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு. மீட்டர் 'ஓஎல்' என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றியே ஆகவேண்டும்.

ஓம் சரியாக இருந்தால் வண்டிப் பக்கம் வாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். ஒற்றை இழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டிவிடும்! அதனால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து, ஹீட்டருக்கு சப்ளை வரும் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே கொடுங்கள். என்ஜின் ஓடும்போது பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் சப்ளை ஒயரில்தான் கோளாறு. பளிச்சென்று எரிந்தால் மிச்சம் எர்த் பக்கமும் இசியூவும். அதை விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கேள்வி: சென்சார் ஒயர் அறுந்திருந்தால் சால்டர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பல சென்சார்கள் புகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்று, ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈயம் அதை அடைத்துவிடும். கிரிம்ப் போடுங்கள். கனெக்டருக்குள் கிரீஸ், ஸ்ப்ரே எதுவும் கூடாது.

கேள்வி: புது சென்சார் போட்டு மறுநாளே லைட் எரிகிறதே?

பதில்: பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி ஓம் பாருங்கள். கணக்குப்படி காட்டினால், நல்ல ஹீட்டரைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். ஒயரை இன்னும் யாரும் தொடவில்லை.