செக்போஸ்டுக்கு அப்பால் மலிவு

இம்மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பகுதி, பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைச்சரிவிலும், மாநில எல்லையைக் கடைத்தெருவின் ஒரு திருப்பமாகவே பாவித்து வாழும் அன்பர்களிடமிருந்து வந்தவை. மழையைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கவலை, எந்தப் பக்கம் மலிவு என்பதே.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டு பங்க்குக்குப் போவது என் வழக்கம். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகிறது. என் மனைவி சிரிக்கிறாள். சிரிப்பது நியாயமா?

பதில்: தங்கள் மனைவியாருக்குக் கணக்கு வரும் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிகிறது. பெட்ரோலுக்கு இரு மாநிலங்களும் வெவ்வேறு வரி விதிப்பதும், கேரளம் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் கூடுதலாக வாங்குவதும் உண்மையே. ஆதாயம் லிட்டருக்கு 4 ரூபாய் என்றும், வண்டி கொள்வது 5 லிட்டர் என்றும் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் கையில் நிற்பது 20 ரூபாய். போக வர 30 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி அந்தப் பிரயாணத்துக்கே 65 ரூபாய்க்குக் குறையாமல் குடித்துவிடும். வியாழக்கிழமைதோறும் பொள்ளாச்சிச் சந்தைக்கு எப்படியும் போகிறவர் வழியில் நிரப்பிக்கொண்டு வருவது விவேகம். நிரப்புவதற்கென்றே புறப்படுகிறவர் தமிழ்நாட்டு அரசாங்கத்துக்கு வரி செலுத்துவதில் விசேஷப் பிரீதி கொண்டவர் என்றுதான் கொள்ள வேண்டும்.

கேள்வி (நூரணி, பாலக்காடு): மகளுக்குத் தை மாதம் விவாகம். ஜவுளிக்காகக் கோயம்புத்தூருக்குப் பல தடவை போய் வந்துவிட்டேன். இன்னும் மனத்துக்குப் பிடித்த விலை அமையவில்லை. இங்கேயே வாங்கிவிடு என்கிறார் அகத்துக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறுபட்டு, வாளையாறு செக்போஸ்டில் லாரிகள் இரவு பகலாக வரிசைகட்டி நின்ற காலத்தில், எல்லைக்கு அப்பால் போய்ச் சாமான் வாங்குவதற்கு ஏதோ ஒரு பொருளாதார நியாயம் இருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஒரு பட்டுப்புடவைக்குக் கோயம்புத்தூர் ஒப்பணக்காரத் தெருவில் என்ன வரியோ அதுவேதான் பாலக்காட்டிலும். எனவே தங்களை 50 கிலோமீட்டர் இழுத்துச் செல்வது விலையன்று, கண்ணுக்கெட்டிய தூரம் விரித்துப்போட்ட புடவைகளின் நடுவே சப்பணமிட்டு அமர்ந்து, “இதே பார்டர், மயில் கழுத்து வர்ணத்தில் உண்டா?” என்று கேட்கும் பரமானந்தம். அந்த ஆனந்தத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதைச் சிக்கனம் என்ற கணக்கில் எழுதாமல் உல்லாசம் என்ற கணக்கில் எழுதினால், பஸ் கட்டணமும், பகல் சாப்பாடும், ‘மலிவாக இருக்கிறதே’ என்று வாங்கிவந்து பெட்டியடியில் போட்ட ரவிக்கைத் துணிகளும் தம் உண்மையான ஸ்தானத்தை அடையும். அகத்துக்காரர் கேட்காத கேள்வியொன்றை நான் கேட்கிறேன்: மகளையும் கூட அழைத்துப் போனீர்களா? ஆமெனில், தைக்குள் இன்னும் இரண்டு தடவை போய் வாருங்கள், நஷ்டமில்லை. அவளை வீட்டில் விட்டுவிட்டு அவளுக்காகவே அலைந்தீர்கள் என்றால், அவள் பிறந்தகத்தில் இருக்கப்போகும் சொற்ப ஞாயிற்றுக்கிழமைகளை நூற்றுக்கு ஐந்து தள்ளுபடிக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

கேள்வி (கல்பாத்தி): பேரம் பேசத் தெரியாதவர்களைப் பற்றித் தங்கள் அபிப்பிராயம்?

பதில்: அவர்கள் தேர் பார்த்தவர்கள். கல்பாத்தி ரதோற்சவத்தின் கடைசி நாளில், ரதங்களெல்லாம் ஒருங்கு சேரும் தேவரத சங்கமத்துக்கென்றே வெளியூரிலிருந்து வந்து, அந்நேரத்தில் இரும்புச் சட்டிக் கடையில் முதுகைத் திருப்பிக்கொண்டு பத்து ரூபாய்க்கு வாதாடிக்கொண்டிருப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. சட்டி நல்ல சட்டிதான்.

கேள்வி (மூணாறு): அம்மா கொழுந்து எடுத்தே எங்களைப் படிக்கவைத்தாள். இப்போது நான் சம்பாதிக்கிறேன். ஆனாலும் கிழிந்த ஸ்வெட்டரை மாற்ற மாட்டேன் என்கிறாள். டீயில் சர்க்கரையைக்கூட அளந்து போடுகிறாள். இந்தக் கஞ்சத்தனத்தை எப்படிப் போக்குவது?

பதில்: குற்றஞ்சாட்டுவதற்கு முன், தாங்கள் பிறந்து வளர்ந்த, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். வேலை உள்ளவரைக்குமே லயத்து வீடு. ஓய்வு பெற்ற பின், குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் பேர் பதிந்திராவிட்டால் அதைக் காலி செய்ய வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பாட்டன் காலத்தில் மலையேறியவர்களின் சந்ததி, தான் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய தரை தனதன்று என்று அறிந்தே வாழ்ந்திருக்கிறது. அத்தகைய ஒருத்தி சர்க்கரையை அளக்கும்போது, சர்க்கரையை அளக்கவில்லை; எங்கோ ஒரு மூன்று சென்ட் நிலத்தை அளந்துகொண்டிருக்கிறாள். காரணமற்ற சேமிப்புதான் உலோபம். தங்கள் அன்னையாருக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை நீங்கள் தீர்த்துவைத்த பிறகும் கை மட்டும் பழக்கத்தை விடவில்லை.

மேலும் ஒன்று. அந்தத் தாய்மார்கள் மிச்சம் பிடிக்க மட்டுமே தெரிந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2015 செப்டம்பரில் நாட்கூலி 232 ரூபாயாக இருந்தபோது, முந்தின ஆண்டு 20 சதவீதமாயிருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்படவே, ஆயிரக்கணக்கான தோட்டத்துப் பெண்கள், ஆண்கள் நடத்திய சங்கங்களையெல்லாம் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, ஒன்பது நாள் மூணாற்று வீதியில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று நாடறிந்தது அதுவே. முடிவில் 8.33 சதவீதம் போனஸாகவும் 11.67 சதவீதம் கருணைத் தொகையாகவும் பழைய 20 சதவீதமே வந்து சேர்ந்தது. பின்னர் கூலி 301 ஆயிற்று. அவர்கள் கேட்டது 500. ஆகவே பேரம் பூரணமாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் தக்காளி விற்பவளிடம் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பெருமைப்படும் நம்மில் எத்தனை பேர், நம் உழைப்பின் விலையை உயர்த்தச் சொல்லி ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறோம்? 232 ரூபாயில் எவ்வளவு சாமர்த்தியமாகக் குடித்தனம் செய்தாலும் அதிலிருந்து 301 பிறக்காது என்பதை எந்தச் சிக்கன உபதேசகரைக் காட்டிலும் அவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

ஸ்வெட்டர் விஷயத்துக்கு உபாயம் சுலபம். நல்லதாக ஒன்று வாங்கி, விலைச்சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, பாதி விலைக்குக் கிடைத்தது என்று சொல்லிக் கொடுங்கள். அத்தகைய பொய்க்குத் திருவள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். ஓர் அபாயம் மட்டும் உண்டு: அந்த விலைக்குக் கிடைக்குமானால் இன்னும் இரண்டு வாங்கி வா என்பார்.

கேள்வி (கம்பம்): வாரம் ஒரு முறை குமுளிக்குப் போய் லாட்டரிச் சீட்டு வாங்கி வருகிறேன். மற்றபடி நான் மிகவும் சிக்கனமானவன். இதை முதலீடு என்று கருதலாமா?

பதில்: கருதலாம், கேரள அரசாங்கம் அப்படித்தான் கருதுகிறது. 1967இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு மாநில அரசு லாட்டரித் துறையை ஏற்படுத்தி, 1 ரூபாய்ச் சீட்டுக்கு முதற்பரிசு 50,000 என்று அறிவித்து, 1968 குடியரசு தினத்தன்று குலுக்கலும் நடத்திய நாள் முதல் அதற்கு அந்த முதலீடு பொய்த்ததே இல்லை. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடைசெய்த பிறகு தாங்கள் மலையேற வேண்டியதாயிற்று. நான் ரசிப்பது வேறொன்று. லோயர் கேம்ப் வழியாகத் தாங்கள் மேலே போகும் அதே பஸ், திரும்புகையில், கம்பத்தில் காய்கறி மலிவு என்று பையும் கையுமாக ஒரு குமுளி அம்மாளை இறக்கிக்கொண்டு வருகிறது. அந்த அம்மாள் பையில் வாரத்துக்குரிய குழம்பாவது இருக்கும்.

கேள்வி (வண்டன்மேடு): ஏலக்காயை நல்ல விலை வரும்வரை இருப்பு வைத்திருக்கிறேன். மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கலாம் என்று உத்தேசம். சரியா?

பதில்: 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள், அதன் பிறகு குறைந்த எந்த விலைக்கும் விற்கும் சக்தியை இழந்துவிட்டார்கள். 2022இல் அதே காய் ஆயிரத்துக்குக் கீழே போயிற்று. விலை எப்போது ஏறும் என்பதைக் காய்க்கும் சொல்லத் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி இன்னது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. கட்டணத்துக்கு வேண்டிய மூட்டைகளை விற்றுவிட்டு, மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கனவு காணுங்கள். வட்டி கட்டிக்கொண்டு காணும் கனவு அதிகச் செலவு.

கேள்வி (வண்டித்தாவளம்): ஓய்வு பெற்ற என் கணவர் மாவேலி ஸ்டோர் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, மானிய விலையில் ஒரு கிலோ பயறும் அரைக் கிலோ மிளகாயும் வாங்கி வருகிறார். அந்த நேரத்தின் மதிப்பு என்ன என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அம்மணி, அவசரப்பட வேண்டாம். மாவேலி ஸ்டோர்களை நடத்தும் சப்ளைகோ 13 மானியச் சாமான்களை 2016 முதல் 2024 பிப்ரவரி வரை ஒரே விலையில் விற்று, பிறகு உயர்த்தியது தாங்கள் அறிந்ததே. வரிசையில் அவருக்குச் சம வயதுக்காரர் நால்வர் இருப்பார்கள். சர்க்கரை வந்ததா, பென்ஷன் வந்ததா, யாருடைய முட்டிக்கு எந்த வைத்தியர் என்று விசாரணை நடக்கும். அவருடைய நேரத்தின் மதிப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, தங்களுடையதைக் கணக்கிடுங்கள். “காபி ஆயிற்றா? என் கண்ணாடி எங்கே? குக்கர் எத்தனை விசில்?” என்று எவரும் கேட்காத இரண்டு மணி நேரம் வாரந்தோறும் இலவசமாகக் கிடைக்கிறது, அதன் விலையை எந்த அரசாங்கமும் இதுவரை உயர்த்தவில்லை. இன்று பயறு தீர்ந்துவிட்டது என்று வெறுங்கையோடு திரும்பினாரானால் கோபிக்காமல், நாளைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள்.