கேளுங்கள், கிடைக்கும்

நம் கடலூர் மாவட்ட நாவல்களில் மனுஷரைவிட மரம் மட்டைதானே அதிகம் வருகிறது, ஏன்? (வாசகர், வடலூர்)

மனுஷர் பிழைப்புக்குத் திருப்பூர் போய்விடுவார். மரம் போகுமா? அதையும் 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கிளப்பிவிட்டது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புதுப் பலா காய்க்க வருஷக்கணக்காகும். கடன் தவணை மாதாமாதம் காய்க்கும்.

கிராமத்து நாவலுக்கு வில்லன் யார், பண்ணையாரா?

புல்லாகவும் இருக்கலாம். விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன், ஒரு நாவலுக்குப் பெயரே 'கோரை' என்று வைத்தார். மேலே அறுத்தால் அடியில் கிழங்கு அடுத்த தழைப்புக்குத் தயாராக இருக்கும். பண்ணையாரையாவது தேர்தலில் தோற்கடிக்கலாம்.

நெய்வேலி இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கதையில் வரவில்லையே?

கண்மணி குணசேகரனின் 'வந்தாரங்குடி' படிக்கவில்லையா? சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய குடியானவர்களின் கதை. மேலே முந்திரி, கீழே பழுப்பு நிலக்கரி. ஒரே நிலத்துக்கு இரண்டு விளைச்சல், உழவனுக்கு ஒன்றுதான். இன்னொரு வேடிக்கை: சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரிக்கு வந்து வயலுக்கும் பாய்கிறது. ஒருவரை ஊரைவிட்டுக் கிளப்பிய சுரங்கம், இன்னொருவர் நெல்லுக்குத் தண்ணீர் விடுகிறது. இதை எழுத இன்னொரு நாவல் வேண்டும்.

இயற்கையே இல்லாமல் அவர் எழுதியிருக்கிறாரா?

போக்குவரத்துக் கழகப் பணிமனையை வைத்து 'நெடுஞ்சாலை' எழுதினார். மழைக்கு ஒழுகும் பஸ்ஸை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?