நோகாமல் ஜீவகாருண்யம் செய்வது எப்படி?

முதலில் பெயர் வைத்த மிருகமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெயர் இருந்தால் அன்பு தானாகச் சுரக்கும். கோயில் யானைக்குப் பெயர் உண்டு. சங்கிலியில் நின்றபடி அது இப்படியும் அப்படியும் ஆடினால், "நாயனத்துக்கு ஆடுது பாரு" என்று வீடியோ எடுங்கள். கட்டிப்போட்ட யானை மன உளைச்சலில்தான் அப்படி ஆடும் என்பார்கள் கால்நடை மருத்துவர்கள். அவர்களுக்கு ரசனை போதாது. பத்து ரூபாய் கொடுத்து ஆசி வாங்கிக்கொண்டு நகருங்கள்.

கோழிக்குப் பெயர் கிடையாது, கிலோ விலைதான். பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுவதால் பெயர் வைக்க நேரமும் இல்லை. முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சு பாடு இன்னும் சுருக்கம்: முட்டையும் இடாது, கறிக்கும் கட்டுப்படியாகாது என்று பொரித்த அன்றே கணக்கை முடித்துவிடுவார்கள். ஆம்லெட் முன்னால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். முட்டையைச் சைவத்தில் சேர்த்துக்கொண்ட வீடுகளில் அறவே கூடாது.

காளைக்காகக் குரல் கொடுப்பது சுலபம். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் தடையை எதிர்த்து மெரினா கடற்கரை நிரம்பியது. 2023இல் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழகச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தடை கேட்டவரும் காளையின் மேல் பாசத்தால்தான் கேட்டார், எதிர்த்தவரும் அதே பாசத்தால்தான் எதிர்த்தார். எந்தப் பக்கம் நின்றாலும் உங்களுக்குப் புண்ணியம். பாக்கெட் பாலுக்காக வளர்க்கும் கலப்பின மாடு ஈன்ற காளைக்கன்று எங்கே போனது என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குக் கடற்கரையில் கூட்டம் சேராது.

கோயில் வாசலில் கிடா வெட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். 2003இல் தமிழக அரசே அப்படித்தான் திருப்பிக்கொண்டு, கோயில் பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டியது. கறிக்கடைப் பக்கம் போகவில்லை. அடுத்த வருடமே சட்டம் ரத்தானது. கறிக்கடை எப்போதும்போல் திறந்திருந்தது.

இத்தனைக்கும் பிறகு யாராவது மேடையேற்றிப் பேசச் சொன்னால் பட்டு உடுத்திப் போங்கள். கூட்டோடு வெந்நீரில் போன புழு கத்தாது.

மனசு உறுத்துகிறதா? 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் புரட்டுங்கள். மாட்டை அடித்து நொறுக்கினாலும் முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். அந்தக் காசுக்கு இன்று அரைத்தட்டு பிரியாணிகூட வராது.